எத்தனை இலை போடட்டும்? விழா வேலையும் கைபேசியும் – வாசகர் கேள்வி பதில்

மொரீஷியஸில் கல்யாணமோ கோவில் விழாவோ பள்ளி நிகழ்ச்சியோ, இப்போது எல்லா ஏற்பாடும் கைபேசியில்தான் தொடங்குகிறது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இதையெல்லாம் விழா வேலைக்கு எப்படி வைத்துக்கொள்வது என்று இந்த முறை நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷமாகப் பந்தலும் விருந்தும் ஏற்பாடு செய்கிறவள் நான், பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அக்கா, செப்டம்பர் முதல் வாரம் என் அண்ணன் கல்யாணம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழைப் போட்டோம். கைகூப்பும் படமும் இதயமும் நூற்றுக்கணக்கில் வந்தன. ஆனால் யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று ஒன்றும் தெரியவில்லை. ஏழு கறி சமைக்கிறவர் எண்ணிக்கை கேட்டு நெருக்குகிறார். – ரோஸ் ஹில் வாசகி

தங்கச்சி, இதயத்தை எண்ணி உலை வைக்காதே. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் நானே அப்படிச் செய்தேன். குழுவில் வந்த பதில்களைப் பார்த்து உத்தேசமாக 300 இலை என்று சொல்லிவிட்டோம். கடைசிப் பந்தியில் இலை இருந்தது, சோறு இருந்தது, ரசம் இருந்தது, பலாக்காய்க் கறி மட்டும் தீர்ந்துபோனது. பெண்ணின் பெரியம்மா எழுந்து வந்து சமையல் பந்தல் வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நம் ஊரில் ஏழு கறி விருந்து என்றால் பலாக்காய் இல்லாமல் விருந்தே இல்லை என்பது உனக்கே தெரியும்.

அதற்கப்புறம் கேள்வியை மாற்றினேன். "வருகிறீர்களா?" என்று கேட்டால் நம் சனம் யாருமே இல்லை என்று சொல்லாது, "கட்டாயம் வருவோம்" என்றுதான் சொல்லும். "உங்கள் வீட்டுக்கு எத்தனை இலை போடட்டும்?" என்று கேள். அப்போதுதான் அவர்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள், பையனுக்கு அன்றைக்கு வேலை, மருமகள் பிரான்ஸில் இருக்கிறாள், அப்பா படி ஏறமாட்டார், சரி நான்கு இலை என்று ஒரு எண்ணாகப் பதில் வரும்.

இதைக் கேட்க கூகுள் ஃபார்ம் போதும், காசு கிடையாது. மூன்றே கேள்வி வை: குடும்பத்தின் பெயர், எத்தனை இலை, சனிக்கிழமை நலங்குக்கா ஞாயிறு முகூர்த்தத்துக்கா இரண்டுக்குமா. பத்து கேள்வி வைத்தால் பாதியில் மூடிவிடுவார்கள். பதில்களெல்லாம் தானாகவே ஒரு அட்டவணையில் வரிசையாகச் சேரும், இலை எண்ணிக்கைக்குக் கீழே ஒரு கூட்டல் சூத்திரம் போட்டுவிட்டால் மொத்தம் வந்துவிடும், சமையல்காரருக்கும் அந்த இணைப்பை அனுப்பிவிடலாம்.

ஃபார்மை மறுபடியும் குழுவிலேயே போட்டுவிட்டு இருந்துவிடாதே. குழுவில் போட்டது அடுத்த நாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒளிபரப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போய்ச் சேரும். ஆனால் உன் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். சித்தப்பா பையன் உன் எண்ணைச் சேமிக்கவில்லை என்றால் அவனுக்கு வரவே வராது, உனக்கும் அது தெரியாது. அதனால் பதில் வராத வீடுகளைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு போன் போடு. அறுபது தாண்டியவர்களுக்கு முதலிலேயே போன்தான். ஃபார்ம் அனுப்பினாலே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற பெரியவர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் நினைப்பதில் தப்பும் இல்லை.

இரண்டு வருஷமாக மண்டப அலங்காரம் செய்கிறேன். ஃபேஸ்புக் பக்கத்தில் மூவாயிரம் பேர் தொடர்கிறார்கள், படத்துக்குப் படம் பாராட்டுகிறார்கள். ஆனால் ஆர்டர் வருவதில்லை. "விலை என்ன?" என்று மெசஞ்சரில் கேட்கிறார்கள், சொன்னால் காணாமல் போய்விடுகிறார்கள். – கத்ர் போர்ன் வாசகர்

தம்பி, உன் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாமே முடிந்த மண்டபத்தின் படம், தூரத்திலிருந்து எடுத்தது, எல்லா அலங்காரக்காரர் பக்கத்திலும் அதே மாதிரி படம்தான் இருக்கிறது. பார்க்கிறவருக்கு அது நீ செய்ததா, வேறு எங்கிருந்தாவது எடுத்ததா என்று தெரியாது. தோரணம் கட்டுகிற கையைக் காட்டு. காலையில் ஆறு மணிக்கு வெறும் சால் வெர் என்கிற தற்காலிகப் பந்தலாக இருந்தது பத்து மணிக்கு எப்படி மாறியது என்று ஒரு நிமிஷக் காணொளி போடு. மழை பெய்து ஒழுகின இடத்தை எப்படிச் சமாளித்தாய் என்று காட்டினால் இன்னும் நல்லது. கல்யாண வீட்டுக்காரர் பயப்படுவது பூவின் நிறத்தைப் பற்றி இல்லை, அன்றைக்கு இவர் வந்து நிற்பாரா என்பதைப் பற்றித்தான்.

விலையை மறைக்காதே. ஒரே விலை சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் "இந்த மண்டபம் இவ்வளவில் தொடங்கும்" என்று படத்துக்குக் கீழே எழுதிவிடலாம். அப்படி எழுதினால் கேட்கிறவர்கள் குறைவார்கள், கேட்கிறவர்கள் வாங்குகிறவர்களாக இருப்பார்கள். மெசஞ்சரில் வந்த ஆளை வாட்ஸ்அப் பிசினஸுக்குக் கூட்டிக்கொண்டு வா. அது இலவசம், அதில் வேலைகளைப் பட்டியலாகப் படத்தோடு வைக்கலாம், "முன்பணம் பாக்கி", "தேதி உறுதி" என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறச்சீட்டு ஒட்டலாம். அடிக்கடி வரும் கேள்விக்குப் பதிலை ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்தால் அப்புறம் ஒரு தட்டலில் போய்விடும். விளம்பரத்துக்குக் காசு போடுவதாக இருந்தால், நீ வேலை செய்கிற ஊர், கல்யாண வயது என்று குறுக்கிப் போடு.

இன்னொன்று, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படத்தைக் கேட்காமல் போடாதே. நம் நாட்டில் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. பூத்தட்டு ஏந்தி வருகிற சின்னப் பெண்ணின் படம் அழகாகத்தான் இருக்கும், அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேள். நான் ஒப்பந்தத் தாளிலேயே ஒரு வரி வைத்திருக்கிறேன், "படங்களை எங்கள் பக்கத்தில் போடலாம் / வேண்டாம்" என்று. அதில் கோடு போட்டு அடிக்க அரை நிமிஷம்தான் ஆகும்.

எங்கள் கோவிலில் தைப்பூசக் காவடியை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தோம். பாதியில் சத்தம் நின்றுவிட்டது. பிரான்ஸிலும் ரீயூனியனிலும் இருக்கிற உறவுக்காரர்கள் ஊமைப் படம் பார்த்தார்கள். அடுத்த வருஷம் என்ன செய்வது? – தெற்கிலிருந்து ஒரு கோவில் இளைஞர் குழு

ஒலிபெருக்கியில் பதிவு செய்த முருகன் பாட்டுப் போட்டிருப்பீர்கள், அதுதான் காரணமாக இருக்கும். அந்தப் பாட்டுக்கு உரிமையாளர் யாரோ இருக்கிறார்கள், ஃபேஸ்புக் அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சத்தத்தை வெட்டிவிடும். பக்திப் பாட்டாயிற்றே என்று அது பார்க்காது. தவிலும் நாதஸ்வரமும் நேரில் வாசிக்கிறபோதும், நம் ஆட்களே "வேல் வேல்" என்று பாடிக்கொண்டு போகிறபோதும் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கேமராவுக்கு என்று தனி மைக் ஒன்று வாங்கி மேளக்காரர் பக்கம் வையுங்கள், பதிவுப் பாட்டு ஓடும் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

யூடியூபில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் முதல் தடவை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், கைபேசியிலிருந்து போடுவதென்றால் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். காவடியன்று காலையில் போய்க் கணக்குத் திறந்தால் கதை முடிந்தது, ஒரு மாசம் முன்னாலேயே வெள்ளிக்கிழமைப் பூசை ஒன்றை வைத்து ஒத்திகை பாருங்கள். ஃபேஸ்புக் நேரலையைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: 2025 பிப்ரவரியிலிருந்து நேரலைக் காணொளியை அவர்கள் 30 நாள்தான் வைத்திருக்கிறார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். கோவிலுக்கு என்று ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அந்த வாரமே இறக்கி வையுங்கள். பாட்டி காலத்துக் காவடிப் படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லையே என்று ஏங்குகிறோம், இதையும் தொலைத்துவிட வேண்டாம்.

நேரமும் பாருங்கள். ரீயூனியனுக்கும் நமக்கும் ஒரே நேரம், பாரிஸ் ஜனவரியில் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால். காலை எட்டு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டால் அங்கே விடியற்காலை ஐந்து, எழுந்து பார்ப்பவர்களுக்காக முந்தின நாளே நேரத்தை அறிவித்துவிடுங்கள்.

அலகு குத்துகிற இடத்தில் கேமராவை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. பத்து நாள் விரதம் இருந்து, நாக்கில் வேல் குத்தி, கண் மூடி நிற்கிறவர் யாருக்கும் காட்சி கொடுக்க வரவில்லை. ஆற்றங்கரையில் அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து கைபேசி நீட்டுகிறதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு வலிக்கிறது. அருள் வந்து ஆடுகிற பெண்களையும் கிட்டப்போய் எடுக்காதீர்கள். காவடி எழுந்து, தெருவில் பால்குடத்தோடு வரிசை நகர்கிறபோது அள்ளி எடுங்கள், அது எல்லாருக்கும் உரியது.

2024 நவம்பரில் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது எங்கள் சங்க நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அறிவிப்பு எல்லாம் ஃபேஸ்புக்கில்தான். மறுபடி அப்படி நடந்தால்? – போர்ட் லூயிஸ் வாசகர்

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நவம்பர் 10 பொதுத் தேர்தலுக்கு முன்னால் தொலைபேசி உரையாடல் பதிவுகள் கசிந்து வெளிவந்த நேரத்தில், சமூக வலைத்தளங்களை நவம்பர் 11 வரை நிறுத்தும்படி இணைய நிறுவனங்களுக்குத் தகவல் தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டது. கடும் எதிர்ப்பு வந்து, நவம்பர் 2ஆம் தேதியே உத்தரவை விலக்கினார்கள். ஒரு நாள்தான் என்றாலும், அன்றைக்கு என் கையில் இருந்த மூன்று வேலையிலும் ஆட்கள் பதறினார்கள்.

பக்கத்தைத் தொடர்கிறவர்களின் பெயர் ஃபேஸ்புக்கிடம்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அரசு உத்தரவுகூட வேண்டாம், யாராவது புகார் கொடுத்துப் பக்கம் பூட்டப்பட்டாலும், கடவுச்சொல் வைத்திருந்த பையன் வெளிநாடு போய்விட்டாலும் அதே கதிதான். அதனால் நிகழ்ச்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர், கைபேசி எண், முடிந்தால் மின்னஞ்சல் வாங்கி, எதற்கு வாங்குகிறோம் என்றும் சொல்லி, உங்கள் சொந்த அட்டவணையில் வையுங்கள். சாதாரணக் குறுஞ்செய்திக்கு இணையமே வேண்டாம். பக்கத்துக்கு இரண்டு பேராவது நிர்வாகியாக இருக்கட்டும்.

புயலுக்கும் இதே பட்டியல்தான் கை கொடுக்கும். 2024 ஜனவரி 15 பெலால் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம், அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 25, பத்தே நாள் இடைவெளி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை விழா வைக்கிறவர்கள் "தள்ளிவைத்திருக்கிறோம், புதுத் தேதி இது" என்ற செய்தியை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். வாக்வா வானிலை நிலையம் முதல் எச்சரிக்கை விட்ட அன்றே பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் மூவரிடமும் பேசி முடிவெடுங்கள். மின்சாரம் போய், கைபேசிக் கோபுரமும் படுத்தபின் யாரையும் பிடிக்க முடியாது.

ஃபேஸ்புக்கில் பார்த்த ஒரு அலங்காரப் பக்கத்துக்கு ஜூஸில் (கைபேசியில் பணம் அனுப்பும் வங்கிச் செயலி) முன்பணம் அனுப்பினேன். பக்கமே இப்போது இல்லை. – ஃபிளாக் வாசகி

அம்மா, படித்ததும் வயிறு எரிந்தது. பணம் அனுப்பிய பதிவு, உரையாடல், பக்கத்தின் பெயர் எல்லாவற்றையும் படமாக எடுத்துவைத்துக்கொண்டு இன்றைக்கே போலீஸுக்கும் உங்கள் வங்கிக்கும் போங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பது வங்கியில் பதிவாகியிருக்கும்.

மற்றவர்களுக்கு: முன்பணம் கொடுக்குமுன் தொழில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நிறுவனப் பதிவுத் துறையின் இணையதளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அவர் வேலை செய்கிற இன்னொரு கல்யாணத்துக்கு ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, "அனுப்பிவிட்டேன்" என்று வருகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பித் தேதி கொடுக்காதீர்கள், அதைத் திருத்தி அனுப்புகிறவர்கள் உண்டு. உங்கள் கணக்கைத் திறந்து பணம் வந்ததைப் பார்த்தபின் ரசீது போடுங்கள்.

அழைப்பிதழில் தமிழும் வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். நானே கணினியில் செய்தேன். எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது. – மோக்கா வாசகர்

அம்மாவின் ஆசையை விட்டுவிடாதே தம்பி. நம் ரூபாய்த் தாளிலேயே தமிழ் இருக்கிறது. 1998இல் தாளில் மொழிகளின் வரிசையை மாற்றித் தமிழைப் பின்னால் தள்ளினபோது நம் மக்கள் கொதித்தெழுந்து, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். வீட்டு அழைப்பிதழில் நான்கு வரி தமிழ் கண்டிப்பாக இருக்கட்டும்.

உடைவதற்குக் காரணம் இரண்டு. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும், எப்போதும் யூனிகோடில் அடி. யூனிகோடில் அடித்தும் "கோவில்" என்பதில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டால் மென்பொருள் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாமல் நிற்கிறது என்று பொருள். ஃபோட்டோஷாப்பில் என்றால் அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடு, சரியாகிவிடும். அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆக அனுப்பு. செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்டு அதிலேயே தமிழ் எழுதச் சொல்லாதே, பூவும் விளக்கும் அழகாக வரும், எழுத்து பல தடவை இல்லாத எழுத்தாகத் திரிந்து வரும். படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுத்தை நீ போடு. "மணமகன்" பல அழைப்பிதழில் "மனமகன்" ஆகி அச்சாகிவிடுகிறது. மோக்காவில்தானே இருக்கிறாய், மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர் யாராவது உன் பக்கத்தில் இருப்பார், அச்சுக்குப் போகுமுன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடு.

முப்பது வருஷமாகப் பந்தலும் வாழைமரமும் கட்டுகிறேன். பேத்தி எனக்கு ஒரு பக்கம் தொடங்கித் தருகிறேன் என்கிறாள். எனக்கு இதெல்லாம் சரிப்படுமா? – திரியோலே வாசகர்

ஐயா, பேத்தியே பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். எதை எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். வாழைத்தண்டைக் கம்பத்தோடு சேர்த்து நீங்கள் போடுகிற முடிச்சு இருக்கிறதே, காற்றுக்கு அசையாமல் நிற்குமே, அதைக் கிட்டத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், கட்டிக்கொண்டே ஏன் அப்படிக் கட்டுகிறீர்கள் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள், கிரியோலிலோ தமிழிலோ எப்படி வருகிறதோ அப்படி. தென்னங்குருத்தில் தோரணம் மடிக்கிறதை இன்னொரு நாள் எடுக்கலாம். பக்கத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள், போனை நீங்களே எடுங்கள். தயாரானதும் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், வருகிற ஆவணியில் மூன்று பந்தலுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.